மூச்சுக்கு மீட்டர் வைத்த உலகம்

காற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோன ஒரு காலத்தைப் பற்றி இளையோருக்காக எழுதப்பட்ட ஆங்கில நாவல் ஒன்று இருக்கிறது. அயர்லாந்து எழுத்தாளர் சாரா கிராசன் எழுதிய ‘ப்ரீத்’. 2012இல் வந்தது. அடுத்த ஆண்டே ‘ரெசிஸ்ட்’ என்ற பெயரில் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. ‘ஹங்கர் கேம்ஸ்’ என்ற இளையோர் நாவல் வரிசை அடித்த அலையில் கரை ஒதுங்கிய புத்தகங்களில் இதுவும் ஒன்று என்று சொல்லிப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இந்தக் கதையில் வரும் அறிவியல் தப்பு. அரசியலோ அத்தனையும் நிஜம். நம் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காடுகள் அழிந்து, காற்று மூச்சுக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. தப்பியவர்கள் ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டு நகரத்துக்குள் வாழ்கிறார்கள். உள்ளே காற்றைத் தயாரித்து விற்பது ஒரு கம்பெனி. கம்பெனியின் பெயர்தான் நாவலின் பெயரும். பணம் உள்ளவர்கள் ‘ப்ரீமியம்’. மற்றவர்கள் ‘ஆக்சிலரி’. குவின் என்ற பையன் முதல் வகை, பியா என்ற பெண் இரண்டாம் வகை. மூன்றாமவள் அலினா, கம்பெனியை எதிர்க்கும் கலகக்காரர்களில் ஒருத்தி. செடிகளின் கிளைகளைத் திருடி வெளியே கொண்டுபோகிறாள். மூன்று பேரும் மாறி மாறித் தங்கள் வாயால் கதை சொல்கிறார்கள்.

என்னை உலுக்கியது பியாவின் பகுதிகள். காசு இல்லாதவர்கள் ஓடக் கூடாது, ஆடக் கூடாது. ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் அளவுக்கு மேல் காற்று செலவாகும், அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். பதினாறு வயதில் ஓடாமல் இருக்கப் பழகிக்கொண்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆத்திரத்தில் கத்தினாலும் செலவு, விழுந்து விழுந்து சிரித்தாலும் செலவு. அவளுடைய நண்பன் குவினோ ஊர் சுற்ற வெளியே போவதற்கு ஆக்சிஜன் உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அவன் கெட்டவன் இல்லை, அவளிடம் பிரியமாகத்தான் இருக்கிறான். ஆனால் அவள் ஒவ்வொரு மூச்சையும் கணக்குப் பார்த்து இழுக்கிறாள் என்பது ரொம்ப நாள் அவன் கண்ணில் படவே இல்லை. வர்க்கம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கலகக்காரர்கள் பங்கு இன்னும் அழகு. குறைந்த காற்றில் வாழ உடம்பைப் பழக்குகிறார்கள், மரம் வளர்க்கிறார்கள். கம்பெனி பயப்படுவது அவர்கள் துப்பாக்கிக்கு இல்லை, அந்தப் பயிற்சிக்கும் மரத்துக்கும்தான்.

சரி, இப்போது அறிவியல். மரத்தை வெட்டினால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்பது நம் பள்ளிச் சுவர்களில் எல்லாம் எழுதியிருக்கும் வாசகம். உண்மை அதுவல்ல. காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து சேர்ந்து உருவான கையிருப்பு அது. ஒரு முதிர்ந்த காடு பகலில் வெளியிடும் ஆக்சிஜனை அதன் மரங்களின் சுவாசமும், உதிர்ந்த இலைகளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் ஏறக்குறைய முழுசாகத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. உலகின் ஒளிச்சேர்க்கையில் பாதியளவு கடலில், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களால் நடக்கிறது. நமக்குத் தெரிந்த நிலக்கரி, எண்ணெய் இருப்பு எல்லாவற்றையும் எரித்துத் தீர்த்தாலும் ஆக்சிஜனில் 3 சதவீதம்கூடக் குறையாது என்று வாலஸ் புரோக்கர் என்ற புவிவேதியியலாளர் 1970லேயே ‘சயின்ஸ்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாளைக்கே பூமியில் ஒரு மரம் மிச்சமில்லாமல் போனாலும் நம் ஆயுளில் யாரும் அதனால் மூச்சுத் திணறிச் சாக மாட்டோம். அதற்கு வெகு முன்பே வெயிலிலும் வறட்சியிலும் பசியிலும் செத்துப்போவோம். காட்டைக் காப்பாற்ற மழை, மண், வெப்பம், அங்கே வாழும் மனிதர்கள் என்று எத்தனையோ மெய்யான காரணங்கள் இருக்கின்றன. பொய்க் காரணம் எதற்கு? பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மெய்யான காரணங்களையும் சேர்த்து நம்பாமல் போகும். அந்தக் கவலை எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் மனிதர்கள் செத்தார்கள். அதுவும் எங்கே? பிரேசிலின் மனாஸ் நகரத்தில். ‘பூமியின் நுரையீரல்’ என்று உலகமே சொல்லும் அமேசான் காட்டின் நடுவில் இருக்கும் ஊர். 2021 ஜனவரி நடுவில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, அங்குள்ள மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. தேவை, உள்ளூர் உற்பத்தியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. குடும்பத்தார் உருளைகளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். பக்கத்து நாடான வெனிசுவேலா லாரிகளில் அனுப்பியது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை காடு, காற்றில் அதே 21 சதவீதம். ஆனால் பழுதான நுரையீரலுக்கு அது போதவில்லை. பிரித்தெடுத்துச் செறிவாக்கிக் குழாயில் கொடுத்தால்தான் உயிர்.

மூன்று மாதம் கழித்து டெல்லி. நாட்டில் ஆக்சிஜன் தயாரிப்பு பெருமளவு கிழக்கே, ரூர்கேலா, பொகாரோ, ஜாம்ஷெட்பூர் பக்கத்து எஃகு ஆலைகளில். நோயாளிகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். நடுவே கொண்டுபோக, மைனஸ் 183 டிகிரியில் திரவமாக வைத்திருக்கும் டேங்கர்கள் போதாது. கடைசியில் ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். தூத்துக்குடியில் நடந்ததோ எந்த நாவலாசிரியருக்கும் தோன்றாத திருப்பம். ஸ்டெர்லைட் தாமிர ஆலை எங்கள் காற்றைக் கெடுக்கிறது என்று போராடிய மக்கள் மீது 2018 மே 22 அன்று போலீஸ் சுட்டது, 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2021 ஏப்ரலில், ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் அதே ஆலையைத் திறக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அன்றைக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? உயிர் காக்கும் காற்று வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேண்டும் என்றுதான் எப்படிச் சொல்வது? இதை ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் வாயால் சொல்லும் நாவல் தமிழில் வர வேண்டும். எனக்கு இப்போதே படிக்கக் கை பரபரக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் இல்லாத உலகம் எதிர்காலத்தில் இல்லை, நம் தெருவுக்கு அடியில் இருக்கிறது. மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எச்சரிக்கையாகிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அளவு கூடினால் மூக்கு அதை முகரும் சக்தியையே இழந்துவிடும். முதலில் இறங்கியவர் சாய்வார், தூக்கிவிட இறங்கிய இரண்டாமவரும் சாய்வார். செய்தியில் ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று நாலு வரி. பாதுகாப்பில்லாமல் ஆட்களைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013இல் சட்டம் தடுத்தது. 2014இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, ஆட்களை இறக்குவது நிற்கவில்லை. இறங்குகிறவர்கள் எந்தச் சாதி என்று நாம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. கிராசனின் கூண்டு நகரத்தில் யாருக்கு எவ்வளவு காற்று என்பதைப் பணம் முடிவு செய்கிறது. நம் ஊரில் அதைப் பிறப்பு முடிவு செய்கிறது. அதனால்தான் இந்தக் கதையை அங்கிருந்து கடன் வாங்காமல் இங்கிருந்து எழுத வேண்டும் என்கிறேன்.

வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பதின்பருவப் பிள்ளைகள் இருந்தால் ‘ப்ரீத்’ வாங்கிக் கொடுங்கள். படித்து முடித்ததும் மனாஸ் கதையைச் சொல்லுங்கள். ஆக்சிஜன் பற்றிய தப்பு அப்போதே தானாகத் தெளிந்துவிடும். இங்கே இளையோருக்காக எழுதும் நண்பர்கள் யாராவது தமிழில் இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். தொட்டிக்குள் வாயு எப்படிச் சேர்கிறது, திரவ ஆக்சிஜன் எப்படிப் பயணிக்கிறது, தீர்ப்புகள் என்ன சொல்கின்றன என்று நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளை எல்லாம் அப்படியே தருகிறேன்.