சின்ன ஊரிலும் பொழுது போகும்

மாலும் தியேட்டரும் இல்லாத ஊர்களில் மக்களுக்குப் பொழுதுபோக்கே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கொங்குப் பக்கம் ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். கோயில் திடலில் வள்ளி கும்மி பழகிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் மைக்கில் முருகன் வள்ளி கதையைப் பாட, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறுபது தாண்டிய அம்மாக்களும் ஒரே வரிசையில் அடி எடுத்து வைப்பார்கள். கால் தப்பினால் பக்கத்தில் இருப்பவரே கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். முன்பு ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்களையும் களத்தில் இறக்கியதில் 2024இல் பத்மஸ்ரீ பெற்ற கும்மி ஆசிரியர் பத்ரப்பன் அய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம், ஆடியில் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடுகளையும் அங்கே பார்க்கலாம். அடுத்த கட்டுரையில் இவற்றையும் அவசியம் எழுதுங்கள்.