நீளம் மட்டும் பார்த்து கம்ப்யூட்டர் கேபினெட் வாங்காதீர்கள்
"கிராபிக்ஸ் கார்டின் நீளம் உள்ளே அடங்கினால் போதும்" என்று கேபினெட் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. மினி ஐடிஎக்ஸ் (மிகச் சிறிய மதர்போர்டுக்கான) கேபினெட்டில் காலை வாருவது பெரும்பாலும் அகலமும் தடிமனும்தான். என்விடியாவின் சொந்த வடிவமைப்பான ஆர்டிஎக்ஸ் 4090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டு 304 மி.மீ. நீளம், 137 மி.மீ. அகலம், 3 ஸ்லாட் (மூன்று கார்டுகளுக்கான இடம்) தடிமன். அதன் 16 பின் பவர் கேபிளை, கனெக்டரிலிருந்து சுமார் 35 மி.மீ. நேராக விட்ட பிறகே வளைக்க வேண்டும். ஆகவே கார்டின் அகலத்தோடு அந்த இடத்தையும் கூட்டிப் பாருங்கள். இடம் போதாமல் பக்கத் தகட்டை அழுத்தி மூடினால் பின்கள் முழுதாக உட்காராது. கனெக்டர் சூடேறி உருகும் அபாயம் உண்டு. பவர் சப்ளையிலும் இதே கணக்குதான்: சின்ன கேபினெட்டுக்கான அளவுகளில் எஸ்எஃப்எக்ஸ் 100 மி.மீ. ஆழம், அதைவிட நீண்ட எஸ்எஃப்எக்ஸ்-எல் 130. சின்ன கேபினெட்டில் கேபிள்களை மடித்து வைக்க, எஸ்எஃப்எக்ஸ் எடுத்தால் கிடைக்கும் அந்த 30 மி.மீ.தான் மிச்சம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ரைசர் கேபிள் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) மாட்டியதும் திரை கறுத்துப்போகிறது என்று கேட்டிருக்கும் நண்பருக்கு: பிசிஐஇ (கார்டு செருகும் இணைப்பு) வகையில் பழைய தலைமுறையான ஜென் 3 ரைசரில், அடுத்த தலைமுறையான ஜென் 4 கார்டு போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். கார்டை நேராக மதர்போர்டில் செருகி, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில்) அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி ரைசரில் மாட்டுங்கள். 16 லேன் (தரவுப் பாதை) கார்டு என்றால் கேமில் வேகம் குறைவது மிகச் சொற்பமே.