டிராகுலாவை பிரான் கோட்டையில் எழுதவில்லை

ருமேனியாவின் பிரான் கோட்டையில் தங்கித்தான் பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’ நாவலை எழுதினார் என்று ஒரு செய்தி பரவுகிறது. தவறு. நாவலின் களமான, ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதியில் அவர் கால் வைத்ததே இல்லை. நாவலின் கோட்டை இருப்பதும் போர்கோ கணவாய்ப் பக்கம். பிரானிலிருந்து வெகு தூரம்.

லண்டன் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியாக உழைத்துக்கொண்டே, பயண நூல்களைப் படித்துப் படித்து அந்த மலைநாட்டை உருவாக்கினார். இதை மறைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். 1890 கோடையில் இங்கிலாந்தின் விட்பி நகரில், வில்லியம் வில்கின்சன் எழுதிய நூலிலிருந்துதான் ‘டிராகுலா’ என்ற பெயரைக் குறித்துக்கொண்டார். அதற்கு முன் நாவலின் ரத்தக்காட்டேரிப் பிரபுவுக்கு வைத்திருந்த பெயர் ‘வாம்பிர்’. அப்புறம் 1897இல்தான் நாவல் வெளிவந்தது. அவருடைய குறிப்புகள் பிலடெல்பியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.