செத்தவன் எப்பிடி அடிப்பான்?

விதானையார்: பாக்கியக்கா! படலையைத் திறவுங்கோ! ஆருக்கு அடி? ஆம்புலன்சுக்கு அறிவிச்சாச்சோ?

பாக்கியக்கா: அது அவங்களே கொண்டுவந்து வாசல்லை விட்டிருக்கிறாங்கள். நீங்கள் ஏன் விடியக் காலமை ரோச் லைற்றோடை?

விதானையார்: "முதுகைப் பாரடா, பின்னாலை நிக்கிறான்ரா" எண்டு நீங்கள் கத்தினது சந்தி மட்டும் கேட்டது. கள்ளனோ?

பாக்கியக்கா: கள்ளனெண்டால் பரவாயில்லை. கூட்டாளி.

விதானையார்: பொறுங்கோ, பொறுங்கோ. ஒழுங்காய்ச் சொல்லுங்கோ.

(கொப்பியைத் திறக்கிறார். விதானையார் இளைப்பாறி ஆறு வருசம். கொப்பி இன்னும் இளைப்பாறவில்லை.)

விதானையார்: அடி வாங்கினவர் பேர்?

பாக்கியக்கா: றோமன்.

விதானையார்: சமயம் பிறகு கேக்கிறன். முதல் பேரைச் சொல்லுங்கோ.

பாக்கியக்கா: பேர்தான் றோமன்.

விதானையார்: சரி. அடிச்சது?

பாக்கியக்கா: செத்.

விதானையார்: ஐயோ. எப்ப?

பாக்கியக்கா: 2014 யூன் 2, திங்கட்கிழமை.

விதானையார்: அவ்வளவு காலமோ? அப்ப அடிச்சது ஆர்?

பாக்கியக்கா: செத்தான் அடிச்சது.

விதானையார்: அக்கா, செத்தவன் எப்பிடி அடிப்பான்? அடிச்சாப் பிறகு செத்ததோ, செத்தாப் பிறகு அடிச்சதோ? எனக்கு ஒழுங்கு முக்கியம்.

பாக்கியக்கா: முதல் நாள் மூண்டு பெடியளும் ஒண்டாய் நிண்டு, அங்காலை வந்த மூண்டு பேரையும் ஒருத்தர் மிச்சமில்லாமல் வெண்டவை. அடுத்த நாளே செத் கதிரையைத் தூக்கி றோமன்ரை முதுகிலை போட்டான். இண்டைக்குப் பாத்தாலும் எனக்குப் பத்துது.

விதானையார்: மூண்டாவது ஆள்?

பாக்கியக்கா: டீன்.

விதானையார்: கம்பஸிலையோ? எந்தப் பீடம்?

பாக்கியக்கா: அவனுக்கும் கதிரையாலை விழுந்தது.

விதானையார்: பீடாதிபதிக்குமோ! கதிரை பிளாஸ்ரிக்கோ, மரமோ?

பாக்கியக்கா: இரும்பு. மடக்குக் கதிரை.

விதானையார்: இரும்பாலை அடிச்சும் றோமன் உயிரோடையோ?

பாக்கியக்கா: அதே வருசம் மார்கழியிலை கலியாணமும் கட்டினவன். இப்ப ஐஞ்சு பிள்ளையள்.

விதானையார்: ஆள் எவடம்? தீவுப் பக்கமோ?

பாக்கியக்கா: பரம்பரை தீவுதான். சமோவா.

விதானையார்: நெடுந்தீவுக்கு அங்காலையோ?

பாக்கியக்கா: நல்லா அங்காலை. உள்ளுக்கு வாங்கோ, ஆளையே காட்டுறன்.

(விறாந்தையைத் தாண்டி வருகிறார். ரீவியில் ஒருவன் கயிற்றில் தொங்கியபடி அசையாமல் நிற்கிறான். அக்கா நிறுத்தி வைத்திருக்கிறா.)

விதானையார்: அட, ரெஸ்லிங்கோ! உதுக்கே நான் செருப்பில்லாமல் ஓடி வந்தனான்?

பாக்கியக்கா: ஐஞ்சரைக்கு றோ எண்ட ரெஸ்லிங் நிகழ்ச்சி தொடங்கும். அதுக்கு முதல் அந்தக் கதிரையடியின்ரை பழைய துண்டொண்டைப் போட்டுப் பாத்துக்கொண்டிருந்தனான். தொடங்கி இருபது நிமிசம் வாயாலை கதைச்சு முடிச்சு, முதல் ஆட்டமே சம்பியன் பெல்ட்டுக்கு. மணி அடிக்க நீங்கள் படலையிலை அடிச்சியள்.

விதானையார்: ஏன் ஐஞ்சரைக்கு? இரவிலை போட மாட்டாங்களோ?

பாக்கியக்கா: இரவிலைதான் போடுறாங்கள், அவங்கடை இரவிலை. அங்கை அமெரிக்காவின்ரை கிழக்குப் பக்கத்திலை திங்கள் இரவு எட்டு, இஞ்சை செவ்வாய் விடிய ஐஞ்சரை. நவம்பரிலை அவங்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினால் ஆறரை. அந்த நாலு மாசம் எனக்கு ஒரு மணித்தியாலம் கூட நித்திரை.

விதானையார்: (குரலைத் தாழ்த்தி) அக்கா, நீங்கள் படிச்ச ஆள். ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. உது முழுக்கப் பொய்.

(இதைச் சொல்லும் ஆட்களின் முகத்தை எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். கிணற்றுக்குள் தண்ணீர் இருப்பதைத் தான்தான் முதலில் கண்டுபிடித்த முகம்.)

பாக்கியக்கா: ஆர் சொன்னது?

விதானையார்: எல்லாருக்கும் தெரியும்.

பாக்கியக்கா: எல்லாருக்கும் தெரிஞ்சதை என்ரை காதுக்குள்ளை ஏன் சொல்லுறியள்? 1989இலை ரெஸ்லிங் நடத்திறவங்களே நியூஜெர்சியிலை போய், இது போட்டியில்லை, பொழுதுபோக்கு எண்டு அரசாங்கத்துக்கே சொல்லிப் போட்டாங்கள்.

விதானையார்: தாங்களாயோ? ஏன்?

பாக்கியக்கா: விளையாட்டெண்டால் ஆணைக்குழு வந்து தலையிலை நிக்கும். வரியும் கட்ட வேணும்.

விதானையார்: அப்ப உண்மை சொன்னதும் காசுக்குத்தான்.

பாக்கியக்கா: காசில்லாமல் உண்மை சொன்ன ஒராளைக் காட்டுங்கோ, அந்தாளையும் பாப்பம்.

விதானையார்: எண்டாலும் ஆர் வெல்லுறதெண்டு முன்னமே எழுதி வைச்சிருக்கு. பிறகென்ன பார்வை?

பாக்கியக்கா: கந்தசட்டிக்கு நல்லூருக்குப் போனனியளோ?

விதானையார்: போகாமல்? சூரன்போர் ஒரு வருசமும் விடுறேல்லை.

பாக்கியக்கா: ஆர் வெண்டது?

விதானையார்: ...முருகன்.

பாக்கியக்கா: அதுக்கு முதல் வருசம்?

விதானையார்: அக்கா, அது சமயம்.

பாக்கியக்கா: சமயம் எனக்கும் இருக்கு. நான் கேட்டது வேறை. யானைத் தலை போய்ச் சிங்கத் தலையோடை சூரன் வரேக்கை, சொந்த மனுசியைத் தள்ளிப்போட்டு முன்னுக்குப் போய் "ஆட்டுங்கோடா, நல்லா ஆட்டுங்கோடா" எண்டு கத்தினது ஆர்?

விதானையார்: அது... சூரனைத் தூக்கினவங்கள் இந்தமுறை சும்மா காவிக்கொண்டு நிண்டவங்கள். ஒரு துள்ளல் வேண்டாமே?

பாக்கியக்கா: பாத்தியளோ. தோக்கிறவன் வடிவாய்த் தோக்க வேணும் எண்டு உங்களுக்கும் தெரியும்.

விதானையார்: சரி, அதை விடுங்கோ. அடி பொய்தானே? கீழை மெத்தை போட்டிருக்கு.

பாக்கியக்கா: அளவு சொல்லட்டே? பக்கத்துக்கு 20 அடி. அடியிலை இரும்புச் சட்டம், அதுக்கு மேலை பலகை, பலகைக்கு மேலை ஒரு அங்குலம் மட்டிலை ஸ்பொஞ், அதுக்கு மேலை இழுத்துக் கட்டின துணி. உங்கடை கட்டில் மெத்தை எத்தினை அங்குலம்?

விதானையார்: ஆறு.

பாக்கியக்கா: அதிலையிருந்து உருண்டு விழுந்து ஒரு கிழமை நாரியைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சது ஆர்?

விதானையார்: எனக்குப் பழக்கமில்லை.

பாக்கியக்கா: அதைத்தான் சொல்லுறன். விழப் பழக வேணும். நாடியை நெஞ்சோடை அமத்த வேணும், இல்லாட்டில் பின்மண்டை அடிபடும். முழங்கையை ஊண்டக் கூடாது, முறியும். முதுகு முழுக்க ஒரே நேரத்திலை பட வேணும், ரெண்டு கையையும் விரிச்சு நிலத்திலை அறைய வேணும். அடி அப்பதான் பரவும். சத்தமும் அப்பதான் வரும்.

விதானையார்: குத்துறதுக்கு வாற சத்தம்?

பாக்கியக்கா: அது காலாலை. குத்துற அதே நேரம் பலகையிலை ஒரு மிதி. காலாலை நாடியிலை உதைக்கிறவன் தன்ரை தொடையிலை தானே அறைவான். கமரா மற்றப் பக்கம் நிக்கும்.

விதானையார்: பாத்தியளோ! பொய்!

பாக்கியக்கா: நெஞ்சிலை திறந்த கையாலை அறையிறது இருக்கே, அதுக்கு ஒரு தந்திரமுமில்லை. அறைஞ்சால் அறைஞ்சதுதான். சிவந்து கண்டிப்போம். வேணுமெண்டால் சட்டையைக் கழட்டுங்கோ, காட்டுறன்.

விதானையார்: வேண்டாம் அக்கா, நம்புறன். ஆனால் அந்தக் கழுத்தைப் பிடிச்சு ஒற்றைக் கையாலை தூக்கிறது? அது நடக்கிற காரியமோ?

பாக்கியக்கா: நடக்காது. நூறு கிலோ ஆளை ஆர் ஒற்றைக் கையாலை தூக்கிறது? தூக்குப்படுறவன்தான் துள்ளுவான். தூக்கிறவன்ரை கையைப் பிடிச்சு ஊண்டிக்கொண்டு துள்ளுவான். நேரம் அரைச் செக்கன் பிழைச்சால் ரெண்டு பேருக்கும் சேதம். எதிரிதான் எதிரியைக் காப்பாத்திக் கீழை இறக்க வேணும். கதிரையும் அப்பிடித்தான், தட்டைப் பக்கத்தாலை முதுகிலை. தலையிலை அடிக்கிறதை 2010இலையே நிப்பாட்டிப் போட்டாங்கள்.

விதானையார்: நான் ஒருக்கால் பாத்தனான், வர்ணனைக்காரற்றை மேசையிலை ஒருத்தனைப் போட முதல் ரீவியளைக் கழட்டிப் பத்திரமாய் வைக்கிறான். கொலைக் கோவத்திலை நிக்கிறவன் ரீவி கழட்டுவானோ?

பாக்கியக்கா: உங்கடை மகன் போன மாசம் கோவத்திலை ரிமோட்டை எறிஞ்சவனெல்லே, எங்கை எறிஞ்சவன்?

விதானையார்: ...கட்டிலிலை.

பாக்கியக்கா: ம்.

விதானையார்: எண்டாலும் பொய் பொய்தான்.

பாக்கியக்கா: 1998 யூன் 28. மிக் ஃபோலி எண்டொருத்தன். 16 அடி உயரக் கூட்டுக்கு மேலையிருந்து அண்டர்ரேக்கர் எண்டவன் தள்ளி, கீழை மேசையிலை விழுந்தவன். எழும்பித் திரும்பவும் ஏறினவன். ரெண்டாந்தரம் கூரைக் கம்பி கழண்டு, அதுக்குள்ளாலை உள்ளுக்கு விழுந்தவன். கம்பி கழண்டது கணக்கிலை இல்லாத விசயம். முன்பல்லு உடைஞ்சு மூக்குக்குள்ளை நிண்டது. அந்தாள் அப்பிடியே ஆடி முடிச்சவன். உதை நடிச்சுக் காட்டுங்கோ, நான் பிளேன்ரீ போட்டுத் தாறன்.

விதானையார்: அதுவும் பொய்யாய்...

பாக்கியக்கா: மூக்குக்குள்ளை பல்லு, விதானையார்.

(விதானையார் தன் மூக்கைத் தடவிப் பார்க்கிறார். பல் கட்டினது போன கிழமைதான்.)

விதானையார்: அப்ப எது உண்மை, எது பொய் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பாக்கியக்கா: நடுவரைப் பாருங்கோ. அந்தாள் ரெண்டு கையையும் மேலை தூக்கிப் பெருக்கல் அடையாளம் போட்டால் உண்மையான காயம். மற்றப்படி அந்தாளின்ரை காதுக்குள்ளை கருவி இருக்கு, உள்ளையிருந்து நேரம் சொல்லுவாங்கள், அதைக் காதோடை காதாய் இவங்களுக்குச் சொல்லுவார். வெளியாலை விழுந்தவனுக்குப் பத்து எண்ணேக்கை கேளுங்கோ. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவிலை நான் குசினிக்குப் போய் நீத்துப்பெட்டியை இறக்கிப்போட்டு வந்திருக்கிறன்.

விதானையார்: அண்டர்ரேக்கர் எண்டவருக்குத் தம்பி ஒருத்தன் இருந்தவனெல்லே, முகமூடியோடை, நெருப்பிலை எரிஞ்சவன்?

பாக்கியக்கா: பொய்யெண்டு சொன்னவருக்கு உது எப்பிடித் தெரியும்?

விதானையார்: பெடியள் பாக்கேக்கை... அந்தப் பக்கத்தாலை போகேக்கை...

பாக்கியக்கா: எத்தினை வருசம் போனனியள்? கேய்ன். தம்பியுமில்லை, எரியவுமில்லை. பிறகு மேயரானவன். ரெனசியிலை நொக்ஸ் கவுண்டி எண்டொரு இடம், 2018இலை வெண்டவன், 2022இலை திரும்பவும் வெண்டவன். அங்கை ரெஸ்லிங் முடிச்சுப்போட்டுச் சபைக்குப் போகினம். எங்கடை ஆக்கள் சபைக்குப் போய்த்தான் ரெஸ்லிங் தொடங்கினம். அதிலையும் முன்னுக்கு அடிபட்டுப்போட்டு, பின்னாலை ஒரே தட்டிலை றோல்ஸ் தின்னுவினம். உதைப் போய்ப் பொய்யெண்டு அங்கை சொல்லுங்கோவன், ரோச் லைற்றோடை.

(விதானையார் கொப்பியின் மட்டையைப் பார்க்கிறார்.)

விதானையார்: ...அப்ப உங்களுக்கு உதிலை ஒரு குறையும் இல்லை.

பாக்கியக்கா: ஆர் சொன்னது? குறை சொல்லத்தானே கிழமைக்குக் கிழமை பாக்கிறன்! ஆட்டம் சூடு பிடிக்க விளம்பரம். விளம்பரம் முடிஞ்சு வந்தால் அடிச்சவன் கீழை, விழுந்தவன் மேலை, நடுவிலை என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் சொல்லார். அதுவும் காணாதெண்டு இப்ப விழுகிற துணியிலையும் விளம்பரம். ஜோன் சீனா இருபது வருசத்துக்கு மேலை "விட்டுக்கொடாதை" எண்டு துவாயிலை எழுதி வித்தவன். 2025 மார்கழி 13, கடைசி ஆட்டம், குந்தர் எண்டவன் கழுத்தை இறுக்க, கையாலை தட்டி "விடு" எண்டு போட்டான். நான் துவாய் வாங்கேல்லை, நல்ல காலம்.

விதானையார்: பாவம்.

பாக்கியக்கா: அதைக்கூடப் பொறுப்பன். பொறுக்கேலாதது பெல்ட் ஆட்டம். ரெண்டு பேரையும் தோக்க விட மனமில்லையெண்டால் என்ன செய்வாங்கள் தெரியுமோ? வெளியாலையிருந்து ஒருத்தன் ஓடி வந்து பெல்ட் வைச்சிருக்கிறவனுக்காக மற்றவனை அடிப்பான். மணி அடிக்கும். பெல்ட் வைச்சிருக்கிறவன் தகுதியிழந்து தோத்ததாய்ச் சொல்லுவாங்கள். அப்பிடித் தோத்தால் பெல்ட் கை மாறாது. அதுதான் சட்டம்.

விதானையார்: (கண் விரிய) தோத்தும் பதவி போகாதோ?

பாக்கியக்கா: போகாது.

விதானையார்: நல்ல சட்டம்.

பாக்கியக்கா: உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். இண்டைக்கு மட்டும் அப்பிடி முடிச்சாங்கள் எண்டால் பாருங்கோ... போட்டு விடட்டே? அந்த ரிமோட்டை எடுங்கோ.

(ரிமோட்டுக்குப் பக்கத்தில் இருந்த போன் அடிக்கிறது.)

பாக்கியக்கா: எடுக்காதேங்கோ! ஸ்காபரோவிலையிருந்து மகள்! அவள் நிப்பாட்டாமல் பாத்துக்கொண்டிருக்கிறவள்!

விதானையார்: ஹலோ, ஓம் பிள்ளை, விதானை மாமா... அம்மா நிக்கிறா... ஓமோ?... ஆர்?... ஓகோ. (கையால் போனை மூடிக்கொண்டு) அக்கா, ஆரோ வெளியாலையிருந்து ஓடி வந்து அடிச்சவனாம். மணி அடிச்சாச்சாம். பெல்ட் அவனோடையேதானாம்.

(நிசப்தம். ரீவியில் இருப்பவன் இன்னும் கயிற்றில்தான் தொங்குகிறான். ஆட்டம் முடிந்ததே அவனுக்குத் தெரியாது.)

பாக்கியக்கா: கொப்பியைத் திறவுங்கோ.

விதானையார்: ஏன்?

பாக்கியக்கா: முறைப்பாடு.

விதானையார்: அக்கா, அது பொய்யெண்டு...

பாக்கியக்கா: எழுதுங்கோ. எதிரி ரெண்டு பேர். ஒண்டு, வெளியாலையிருந்து வந்தவன். ரெண்டு, போனை எடுத்தவர்.

விதானையார்: (எழுதியபடி) வெளியாலையிருந்து... வந்தவன்... ரெண்டாவது ஆளைப் பிறகு பாப்பம். பழைய வழக்கையும் சேக்கிறதோ? அந்தக் கதிரைக் கேஸ்?

பாக்கியக்கா: சேருங்கோ.

விதானையார்: செத் எண்டதுக்கு 'த்' ஒண்டுதானே?

பாக்கியக்கா: ஒண்டுதான். அதோடை நிப்பாட்டுங்கோ. மேலை ஒரு எழுத்து எழுதினாலும் ஆள் செத்துப்போவான்.