வங்கிகளை எடுத்தது குற்றமல்ல, எடுத்த விதம்தான்

'இந்திரா காந்தி ஏழைகளுக்காக வங்கிகளை எடுத்தார். பணக்காரர்களுக்காக உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது.' இந்தக் கதையை இன்னும் எத்தனை காலம்தான் பகிர்ந்துகொண்டிருப்பீர்கள்? பொதுத்துறை வங்கிகள் வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதனாலேயே எரிச்சல் அதிகம்.

1969 ஜூலை 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. 50 கோடிக்குக் குறையாத டெபாசிட் கொண்ட 14 வங்கிகள் அரசின் கைக்குப் போயின. சென்னையில் தலைமையகம் வைத்திருந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் உண்டு. பங்குதாரரான ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட்டார், வழக்கறிஞர் நானி பல்கிவாலா வாதாடினார். 1970 பிப்ரவரி 10 அன்று பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் சட்டம் செல்லாது என்றார்கள். ஏ.என். ரே மட்டும் மாறுபட்டார்.

அரசு வங்கி நடத்தக்கூடாது என்று அந்தப் பத்துப் பேரும் சொல்லவில்லை. ஒரு தொழிலை அரசே முழுதாக எடுத்து நடத்தலாம் என்பதற்கு 1951இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தமே 19(6) பிரிவில் வழி செய்துவிட்டது. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது வேறு இரண்டை. முதலாவது, பாகுபாடு. வெளிநாட்டு வங்கிகளும் சிறிய வங்கிகளும் வழக்கம்போல் வங்கித் தொழில் செய்யலாம், புதிதாக ஒருவர் வங்கி தொடங்கவும் தடையில்லை. இந்தப் பதினான்குக்கு மட்டும் அந்தத் தொழிலே கூடாது. 'வேறு தொழில் செய்துகொள்ளுங்கள்' என்று சட்டம் பெருந்தன்மையாகச் சொன்னது. கட்டடம், ஊழியர்கள், ரொக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு எதை வைத்துச் செய்வது? இரண்டாவது, இழப்பீடு. வங்கியின் பெரிய சொத்தே பல ஆண்டுகளாகச் சேர்த்த நன்மதிப்பு. அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இதில் ஏழைக்கு எதிரானது எது? நான்கே நாளில், பிப்ரவரி 14 அன்று, புதிய அவசரச் சட்டம் வந்தது. தொழில் தடை போனது. 14 வங்கிகளுக்கும் சேர்த்து 87.40 கோடி ரூபாய் என்று இழப்பீடும் முடிவானது. வங்கிகள் அரசிடமே இருந்தன. எல்லோரையும் ஒன்றுபோல் நடத்து, எடுத்ததற்கு விலை கொடு. அரசமைப்புச் சட்டம் கேட்டது அவ்வளவுதான்.

அந்த அளவு கேள்வியைக்கூட டெல்லியால் பொறுக்க முடியவில்லை. 1971இல் 25ஆவது திருத்தம் வந்தது. கொடுத்த தொகை போதுமா என்று நீதிமன்றம் இனிக் கேட்கக்கூடாது. 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதைச் செய்தது ஜனதா அரசு என்பதையும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நஷ்டம் யாருக்கு? பெரிய முதலாளி எந்தச் சட்டம் இருந்தாலும் வக்கீல் வைத்துச் சமாளித்துக்கொள்வார். சாலைக்காக அரை ஏக்கர் பறிபோன விவசாயிக்கு, சொத்துரிமையை மட்டும் சொல்லி, அடிப்படை உரிமைகளுக்கான 32ஆவது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றக் கதவைத் தட்ட முடிந்த வழி அடைபட்டது. மிஞ்சியது 300ஏ பிரிவு: சட்டத்தின் அதிகாரமின்றிச் சொத்தைப் பறிக்கக்கூடாது என்ற ஒற்றை வரி. 2024 மே மாதத்தில் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒரு வரிக்குள்ளிருந்து ஏழு உரிமைகளை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன.