நவம்பரில் மட்டும் ஞாபகம் வரும் கல்

ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் எங்கள் ஊர் தேவாலய முற்றத்தில் நிற்கும் போர் நினைவுச் சிலுவை மேல் எல்லோருக்கும் திடீர்ப் பாசம் வந்துவிடும். நவம்பர் இரண்டாவது ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள், நெருங்குகிறதே! சிவப்புக் காகிதத்தில் செய்த பாப்பி மலர்வளையம் வைக்க வேண்டும், 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும், பாதிரியார் பெயர்களை வாசிக்க வேண்டும். அப்போதுதான் யாராவது ஒருவர் கவனிப்பார்: ஐயோ, கல் இப்படிப் பச்சை படிந்து கிடக்கிறதே. அப்புறம் என்ன, வாளி வரும், கம்பி பிரஷ் வரும், பிளீச் வரும்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. 2018ல், முதல் உலகப் போர் முடிந்த நூறாவது ஆண்டில், ஒருவர் கார் கழுவும் பிரஷர் வாஷரையே கொண்டுவந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் சிலுவை புதுப் பல் செட் மாதிரி வெளுத்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டு குளிர்காலம் போனது. முன்பைவிட வேகமாகப் பச்சை ஏறியது. சுண்ணாம்புக்கல்லுக்கும் மேல்தோல் என்று ஒன்று உண்டு. தண்ணீரின் வேகத்தில் அது பிய்ந்துபோனால் அடியில் இருக்கும் மிருதுவான பகுதி வெளியே வந்துவிடும். சொரசொரப்பான பரப்பு பாசிக்கு மெத்தை போட்ட மாதிரி. கல் இடுக்குகளில் இருந்த சுண்ணாம்புக் காரையும் அந்தத் தண்ணீர் வேகத்தில் போயிற்று. அந்த இடத்தில் பிறகு யாரோ நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசினார்கள். வினையே அதுதான். சிமெண்ட் அந்தக் கல்லைவிடக் கெட்டி. உள்ளே போன ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வரும். இரவில் உறைந்து விரியும். காலையில் பார்த்தால் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். பெயர்கள் இருப்பது அந்த முகத்தில்தானே. எங்கள் சிலுவையில் அவை கல்லில் துளை போட்டுப் பதித்த ஈய எழுத்துகள். சுற்றியுள்ள கல் உதிர்ந்துவிட்டால் ஈயம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கோயில் கல்வெட்டுகளை மணல் வீச்சில் ‘சுத்தம்’ செய்து மழுங்கடித்த கதை நமக்குப் புதிதல்ல. ஊரில் அதற்காக வயிறெரிந்தவன், இங்கே வந்து கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கல் மேல் மஞ்சளும் சாம்பலுமாக வட்டம் வட்டமாகத் தெரிகிறதே, அது அழுக்கு இல்லை. செட்டிநாட்டு மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதன் பங்காளிகள். ஒரு வட்டம் கையளவு விரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பெயரை மறைக்காத வரை அதை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். கழுவியே தீர வேண்டுமென்றால் வெறும் தண்ணீர், மிருதுவான பிரஷ். அதுவும் வருஷா வருஷம் வேண்டாம். இதைச் சொல்வதற்கென்றே 1997ல் தொடங்கிய வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

சரி, இது யாருடைய பொறுப்பு? நான் சென்னைக்காரன். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையை வெட்டிவிட்ட புல்லும் வரிசை பிசகாத கற்களுமாகப் பார்த்துப் பழகியவன். அதைக் கவனிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்தான் இதையும் கவனிக்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 1917ல் அரச சாசனத்தோடு உருவான அந்த ஆணையத்தின் பொறுப்பு போர்க் கல்லறைகள். ஊர்க்காரர்கள் வைத்த நினைவுச் சின்னங்கள் அதன் கணக்கில் வராது. எங்கள் முற்றத்திலேயே ஆணையத்தின் வெள்ளைக் கல் ஒன்று இருக்கிறது, காயம்பட்டுத் திரும்பி வந்து இங்கே இறந்த ஒரு சிப்பாயுடையது. எழுத்து பளிச்சென்று இருக்கும். அங்கிருந்து பத்தடி நடந்தால் உதிர்ந்துகொண்டிருக்கும் எங்கள் சிலுவை.

இந்தச் சிலுவைகள் எப்படி வந்தன என்று பார்த்தால் குழப்பம் புரியும். போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவெடுத்தது. புதைக்க உடல் இல்லை, போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. ஆகவே ஊர் ஊராகக் குழு போட்டு, வீடு வீடாகச் சந்தா பிரித்து, கல் நட்டார்கள். திறப்பு விழா முடிந்ததும் குழு கலைந்துவிடும். சொந்தக்காரர் யார் என்று எழுதிவைத்தவர்கள் குறைவு. 1923ல் வந்த சட்டமும் உள்ளாட்சி மன்றங்கள் பராமரிப்புக்குச் செலவழிக்கலாம் என்றுதான் சொல்கிறது. செலவழித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு ‘லாம்’தான் நூறு வருஷமாக எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

தேவாலய முற்றம் என்றால் சிக்கல் இன்னும் கூடும். புதைப்பு நடக்கும் முற்றம் என்றால் தேவாலய மன்றம் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வமாக மூடப்பட்ட முற்றம் என்றால் அந்தப் பொறுப்பை உள்ளாட்சிக்கு மாற்றிவிட முடியும். ஒரு பெயரைப் புதிதாகச் சேர்ப்பதென்றால்கூட மறைமாவட்டத்திடம் ‘ஃபேக்கல்டி’ வாங்க வேண்டும். கல்லூரி ஃபேக்கல்டி இல்லை, அனுமதிக்குத்தான் அந்தப் பெயர். கிராம மன்றத்தைக் கேட்டால் தேவாலயத்தைக் கை காட்டுகிறார்கள், தேவாலயத்தைக் கேட்டால் மன்றத்தை. இரண்டு இடத்திலும் தேநீர் மட்டும் தவறாமல் கிடைக்கிறது.

‘வெள்ளைக்காரன் படைக்கு நீ ஏன்டா அழுகிறாய்?’ என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். இதே போர்க் கல்லறை ஆணையம் 2021ல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் பேரரசுக்காக இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களுக்கும் மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்களுக்கும், பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் கல்லில் இருப்பவர்கள் தளபதிகள் இல்லை. பண்ணைக் கூலிகள், குதிரைக்காரர்கள். நால்வருக்கு ஒரே குடும்பப் பெயர். பதவி போடாமல் அகர வரிசையில் நிற்கிறார்கள்.

நந்தம்பாக்கத்தின் பின்பக்கம் 1914-1918 போருக்கென்று ஒரு நினைவிடம் உண்டு. இந்தியாவின் பல கல்லறைத் தோட்டங்களில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அந்தக் கல்லறைகளைக் காலத்துக்கும் பராமரிக்க முடியாது என்பதால் பெயர்களை மட்டும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு மாற்றும் செய்த காரியம் அது. எங்கள் ஊரில் முடியாது என்றும் சொல்வதில்லை, செய்வதும் இல்லை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கிராம மன்றத்தின் வருடக் கணக்கில் ஒரு வரி வேண்டும், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மார்ச்சில், குளிர் முடிந்ததும், ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். புது விரிசல் இருக்கிறதா, துரு கசிகிறதா, ஏதாவது எழுத்து ஆடுகிறதா என்று. அதே கோணத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைக்க வேண்டும். மலர்வளையம் நைந்ததும் எடுத்துவிட வேண்டும், சிவப்புச் சாயம் மழையில் கரைந்து கல்லில் இறங்குகிறது. அக்டோபரில் ஓடிவந்து ஒன்றும் செய்ய வேண்டாம். சிமெண்டை எடுத்துவிட்டுக் காரை பூசத் தெரிந்த ஒரு கல்தச்சரை அழைத்தால் போதும், அதற்கு மானியம் கேட்டுப் பார்க்கலாம்.

போன மாதம் இருட்டுகிற நேரத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஈயம் விழுந்த இடத்தில்கூட ஆணித் துளைகள் நிழல் கட்டும். ஒரு பெயரைத் துளைகளை எண்ணித்தான் வாசித்தேன். தேவாலயப் பொறுப்பாளர் அம்மா பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். பாதிரியார் உடை மாற்றும் அறை அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். கீழே விழுந்த எழுத்துகளை இத்தனை வருஷமாக அவர்தான் பொறுக்கி வைத்திருக்கிறார். ஒரு ‘ஆர்’, இரண்டு ‘இ’, பாதி உடைந்த ஒரு ‘டபிள்யூ’. எது யாருடையது என்று குறித்துவைக்கவில்லையே என்றார். அடுத்த வாரம் பகல் வெளிச்சத்தில் டின்னோடு போய் ஒவ்வொன்றாகத் துளையோடு பொருத்திப் பார்ப்பதாக இருக்கிறோம்.