ஐந்தடி நிழலில் ஜார்ஜ் டவுன்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குத் தனியாகப் போகிறேன், ஊரை நடந்தே பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, அந்தப் புழுக்கத்தில் பத்து நிமிடம்கூட நடக்க முடியாது, வாடகைக் கார் வைத்துக்கொள் என்றே ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். ஆறு நாள் நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வெப்பமண்டல ஊர்களில் நடக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது நிழல் என்பதும், அந்த நிழலை அந்த ஊர் நெடுங்காலத்துக்கு முன்பே கட்டி வைத்திருக்கிறது என்பதும் நடந்தபோதுதான் எனக்கு விளங்கின.

முதல் நாள் நான் செய்தது தவறு. நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை வடக்கே இருக்கும் ஊர் அது; ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31, 32 டிகிரியை ஒட்டியே நிற்கும். எண்ணைப் பார்த்தால் அச்சம் வராது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வேர்வை காயாது, காயாத வேர்வை உடலைக் குளிர்விக்காது. இதை உணராமல் நண்பகலில் கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து கடலோரமாக, சீனக் குலத்தார் மரக்கால்களின்மேல் வீடு கட்டி வாழும் படகுத்துறைகளை நோக்கி வெட்டவெளியில் நடந்தேன். அரை மணி நேரத்துக்குள் தலை கனத்தது, காது அடைத்தது. கண்ணில் பட்ட சந்தில் திரும்பிக் கடற்கரைத் தெருவின் தூண்களுக்கு உட்புறம் போய்ச் சாய்ந்து நின்றேன். இரண்டே நிமிடத்தில் மூச்சு சீரானது. வெயிலுக்கும் எனக்கும் இடையே ஒரு கூரை வந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கூரைக்கு அடியிலிருப்பதுதான் ஐந்தடி நடை. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள கடைவீட்டின் மாடி தெருப்பக்கம் நீண்டு தூண்களின்மேல் நிற்க, அதன் கீழே வீட்டுக்கு வீடு தொடர்ந்து செல்லும் நடைபாதை. மலாயில் காக்கி லீமா என்கிறார்கள். காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. 1822இல் சிங்கப்பூரின் நகர அமைப்பை வகுத்த ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலத்துக்குத் தாழ்வாரம் விட வேண்டும், தெரு நெடுகிலும் அது எந்நேரமும் நடப்பவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். 1826இல் சிங்கப்பூரும் மலாக்காவும் பினாங்கும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. இந்த வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. தரை வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்குப் பொது. இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதன்மேல் மெதுவாக நடக்க வேண்டும். ஒரு வீட்டின் முன் பூவேலை செய்த பழைய தரை ஓடு, அடுத்த வீட்டின் முன் சிவப்புக் களிமண் ஓடு, அதற்கடுத்து வெறும் சிமெண்ட் என்று தரை மாறிக்கொண்டே போகும். மட்டமும் ஏறி இறங்கும். ஒரு தூணின் அடியில், செந்நிறம் பூசிய சிறு மாடத்தில் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. அவற்றின் முன் ஒரு ஆரஞ்சுப் பழமும் விரற்கடை உயரக் கோப்பையில் தேநீரும் இருந்தன. திறந்த கதவுக்கு நேரே வந்தபோது காலில் குளிர்ந்த காற்று பட்டது. நீண்டு ஒடுங்கிய அந்த வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. சூடான காற்று அதன் வழியே மேலேற, கீழே காற்றோட்டம் பிறக்கிறது. காரில் போகிறவருக்கு இந்தக் காற்று கிடைக்காது.

இந்த நிழலிலேயேதான் சூலியா தெருவில், தமிழகத்து நாகூர் தர்காவின் பெயரையே தாங்கி நிற்கும் தர்காவை வந்தடைந்தேன். சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயர்தான் சூலியா. அவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சீனர்கள் வழிபடும் கருணைத் தேவதையின் கோயிலும் அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவுக்குள் இருக்கின்றன. உலக மரபுச் சின்னமாக 2008இல் அறிவிக்கப்பட்ட மையப் பகுதியின் பரப்பே சுமார் 109 ஹெக்டேர்தான். கால்களுக்கென்றே அளவெடுத்த ஊர்.

என் மனத்தை வருத்திய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நடை பல இடங்களில் அடைபட்டுக் கிடக்கிறது. வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், உணவுக்கடை மேசைகள், சரக்குப் பெட்டிகள், சில வீடுகளில் குறுக்கே எழுப்பிய சுவர்கூட. கிம்பர்லி தெருவில் ஒரு மூதாட்டி, காய்கறி நிறைந்த சக்கரப்பையை இழுத்துக்கொண்டு வந்தவர், இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு முன்னால் நின்றார். பையை இரு கைகளாலும் தூக்கிச் சாக்கடையைத் தாண்டி, கொதிக்கும் சாலையில் இறங்கி, வண்டிகளுக்கு ஒதுங்கி நடந்து, அடுத்த வீட்டில் மறுபடியும் ஏறினார். பழக்கப்பட்டவர் என்பது அவர் பையைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது. இது பழைய தகராறு. தாழ்வாரங்களில் கடைக்காரர்கள் வைத்திருந்த பொருள்களை அகற்றப் போனபோது 1888இல் சிங்கப்பூரில் கலவரமே நடந்தது. ஐந்தடி நடையை மறிப்பது மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கடைக்காரருக்கும் பிழைப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு வழி விட்டால் போதும். சன்னலுக்கும் முகப்புக்கும் கிடைக்கும் மரபுப் பாதுகாப்பு, மக்கள் நடந்து தேய்த்த அந்தத் தரைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நடக்க நினைப்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். விடிந்ததும் கிளம்பிப் பதினொரு மணிக்குள் அறைக்குத் திரும்பி, நான்கு மணிக்கு மேல் மறுபடியும் இறங்கினால் இரவு பத்து வரை நடக்கலாம். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கையில் இருக்கட்டும். தனியாக இருந்ததால் தோன்றிய இடத்தில் நிற்கவும், களைத்தபோது யாரிடமும் கேளாமல் உட்காரவும் முடிந்தது.

ஐந்தாம் நாள் மாலை, ஆர்மேனியன் தெருவில் முன்னறிவிப்பே இல்லாமல் மழை கொட்டியது. தெருவில் இருந்த அத்தனை பேரும் சில நொடிகளில் தூண்களுக்கு உட்புறம் வந்துவிட்டார்கள். பள்ளிச் சீருடையில் இரண்டு மலாய்ச் சிறுமிகள், தலையில் துண்டு போட்ட ஒரு ரிக்‌ஷாக்காரர், நான். கடைக்குள்ளிருந்து வந்த சீனப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தம் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, இன்னும் இருவர் நிற்க இடம் செய்தார்.